நிற்கத் தெரிந்த வண்டி

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் அதன் ஓட்டத்தைப் பற்றியே பேசுவர். மணிக்கு எத்தனை மைல் ஓடும், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எவ்வளவு தூரம் போகும், ஏற்றத்தில் இளைக்குமா என்பனவே அவர் கேட்கும் வினாக்கள். அது எவ்வாறு நிற்கும் என்று கேட்போர் மிகச் சிலர். ஓட்டம் கண்ணுக்கு இனியது. நிற்றலோ, தெருவிலே ஒரு குழந்தை குறுக்கே வரும் கணத்திலன்றி எவர் நினைவுக்கும் வருவதில்லை. ஆயினும், ஓடுகின்ற வண்டிக்கு உரிய முதற் குணம், வேண்டியபோது வேண்டிய இடத்தில் நேராக நிற்றலே என்பது எமது துணிபு. இத்துணிபு நூல்களைக் கற்றதனால் வந்ததன்று; எமது வீட்டுப் பழைய பிக்கப் ஒன்று கற்பித்தது. அதன் முன்சில்லுகளையும் பிறேக்குகளையும் திருத்திய வரலாற்றை எழுதுவது, பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் இயந்திரங்களில் ஆர்வமுள்ள மாணவருக்கும் பயன்படும் என்று நம்புகின்றோம்.

அவ்வண்டி 1959 ஆம் ஆண்டிலே செய்யப்பட்ட மொறிஸ் மைனர் பிக்கப். 948 கன சென்ரிமீற்றர் இயந்திரம் உடையது. ஐந்து அந்தர் பாரம் ஏற்றத் தக்கது. எமது தந்தையார் அதனை 1968 ஆம் ஆண்டில் ஒரு வியாபாரியிடமிருந்து வாங்கினார். நீர்வேலி வாழைக்குலைகளும் வெங்காய மூடைகளும் சுன்னாகம் சந்தைக்குப் போனதும், சந்தையிலிருந்து வீட்டுக்கு அரிசியும் மாவும் வந்ததும் அதிலேதான். 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு இயந்திரத்தை எழுப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய ஆயிரக்கணக்கான வண்டிகளுள் அதுவும் ஒன்று. நோயாளரைச் சுமந்திருக்கின்றது, இடம்பெயர்ந்தோரின் பானை சட்டிகளையும் சுமந்திருக்கின்றது. ஆதலால், தந்தையார் மறைந்த பின்னரும் அதனை விற்க வீட்டில் எவருக்கும் மனம் வரவில்லை.

இவ்வண்டியின் பிறப்பையும் சிறிது கூறுதல் தகும். மொறிஸ் மைனரை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1948 ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியிலே அது முதன்முதல் மக்கள் பார்வைக்கு வந்தது. மாதிரி வண்டி ஒடுக்கமாக இருப்பதாகத் தோன்றியபோது, அதனை நெடுக்காக இரண்டாய் அறுத்து, இரு பாதிகளையும் நாலு அங்குலம் விலக்கிப் பார்த்து, அந்த அகலமே அழகென இசிகோனிஸ் தீர்மானித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. வானும் பிக்கப்பும் 1953 ஆம் ஆண்டிலே வந்து சேர்ந்தன. 1960 ஆம் ஆண்டின் இறுதியில் மைனர் வண்டிகளின் தொகை பத்து இலட்சத்தை எட்டியது. 1971 ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றபோது பதினாறு இலட்சத்தைக் கடந்திருந்தது. எளியோரும் வாங்கத் தக்க வண்டிக்கு, அக்காலத்து விலையுயர்ந்த கார்கள் பலவற்றிலும் காணக் கிடையாத நுட்பமான முன்புற அமைப்பை இசிகோனிஸ் கொடுத்தார். அந்த அமைப்பே இக்கட்டுரையின் பொருள்.

தந்தையாரின் காலத்துத் தெரு வேறு. இன்றைய தெரு வேறு. போர்க்காலத்திலே குண்டும் குழியுமாகக் கிடந்த வீதிகளில் எவரும் இருபது மைல் வேகத்துக்கு மேல் ஓடியதில்லை. தெருவே ஒரு பிறேக்காக இருந்தது எனலாம். 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் ஏ9 வீதி மீண்டும் திறக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் குடாநாட்டின் பெரிய வீதிகள் பலவும் காப்பற் இடப்பட்டுக் கண்ணாடிபோல் ஆயின. புதிய வான்களும் பேருந்துகளும் விரைந்து வருகின்றன; அவற்றின் சாரதி சற்றே மிதித்தாலும் அவை அந்த இடத்திலேயே நிற்கின்றன. அவற்றின் நடுவே, அறுபதாண்டு மூப்புடைய வண்டி தன் பழைய பிறேக்கோடு ஓட வேண்டியிருக்கின்றது. முன்னே செல்லும் முச்சக்கர வண்டி சட்டென நின்றால், எமது வண்டியும் அத்துணை விரைவில் நிற்றல் வேண்டும். வயது சொல்லி விலக்குப் பெற இயலாது.

2019 ஆம் ஆண்டில் ஒரு காலை, வாழைக்குலைகளோடு உரும்பிராய்ப் பக்கமாக மணிக்கு முப்பது மைல் வேகத்தில் வந்துகொண்டிருந்தோம். ஒழுங்கை ஒன்றிலிருந்து பள்ளிச் சீருடை அணிந்த சிறுமி ஒருத்தி சைக்கிளில் வெளிப்பட்டாள். பிறேக்கை மிதித்தோம். வண்டி வேகம் தணிந்தது. ஆனால் நேராகப் போகவில்லை. இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு சென்று, பனையோலை வேலிக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. சிறுமி வலப்பக்கத்தால் கடந்துபோய், ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வழியே சென்றாள். அவள் இடப்பக்கமாக வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற நினைவு அன்றிரவு முழுவதும் எம்மை உறங்கவிடவில்லை.

மறுநாள் வண்டி கொக்குவிலில் உள்ள ஒரு கராஜுக்குப் போயிற்று. அங்குள்ள மெக்கானிக் எழுபது வயதைக் கடந்தவர். தந்தையார் காலத்திலிருந்தே இவ்வண்டியை அறிந்தவர். வலப்பக்க முன்சில்லின் ட்றத்தைக் கழற்றியவுடன் காரணம் புலப்பட்டது. அச்சில்லுக்கு உரிய இரண்டு சிறு சிலிண்டர்களுள் ஒன்று துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இடப்பக்கம் முழுமையாகப் பிடிக்க, வலப்பக்கம் அரைகுறையாகப் பிடித்தமையால் வண்டி இடம் நோக்கி இழுத்தது. எம்முடன் வந்த மருமகன், தமக்கையின் மகன், தொழில்நுட்பக் கல்லூரி மாணவன். அவன் உடனே, “மாமா, உதையெல்லாம் கழட்டிப்போட்டு டிஸ்க் பிறேக் போடுவம். முன்சொக்கப்சோபரையும் புதுசாய் மாத்துவம்” என்றான். பெரியவர் மறுமொழி கூறாமல், தூக்கி நிறுத்திய முன்சில்லின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் இரு கைகளாலும் பற்றி அசைத்தார். ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்டது.

“பிறேக்கை மட்டும் பாத்துக் காணாது, தம்பி. பிறேக் பிடிச்சால் அந்த விசை எங்கை போகுது எண்டு முதலிலை யோசியுங்கோ” என்றார் எம்மை நோக்கி.

அந்த வினாவே எம்மை இந்த ஆராய்ச்சியில் இறக்கியது. பிறேக், சில்லின் சுழற்சியை மட்டுமே நிறுத்துகின்றது. சில்லு நின்றபின், முன்னோக்கி ஓட முயலும் வண்டியை அச்சில்லோடு பிணைத்து இழுத்துப் பிடிப்பவை சில்லைத் தாங்கும் உறுப்புக்களே. பிறேக்கை இருமடங்கு வலியதாக்கின், அவ்வுறுப்புக்களும் அதற்கேற்ற விசையைத் தாங்குதல் வேண்டும்.

மைனரின் முன்புறத்திலே சுருள் ஸ்பிறிங்கும் இல்லை. வில்லுத் தகடுகளும் இல்லை. அவற்றின் வேலையைச் செய்வது ரோர்ஷன் பார் எனப்படும் முறுக்குத் தண்டு. வண்டியின் நெடுக்கே இருபுறமும் ஒவ்வொரு நீண்ட உருக்குத் தண்டு கிடக்கும். அதன் பின்முனை, சாரதியின் இருக்கைப் பக்கமாக, தரைத்தகட்டின் கீழுள்ள குறுக்குச் சட்டத்தில் அசையாது பூட்டப்பட்டிருக்கும். முன்முனை, சில்லைத் தாங்கும் கீழ்க்கையோடு இணைந்திருக்கும். சில்லு மேட்டில் ஏறும்போது கீழ்க்கை உயர, தண்டு முறுகும். மேடு கழிந்ததும் முறுக்கு அவிழ்ந்து சில்லைக் கீழே தள்ளும். ஈரத் துணியின் ஒரு முனையை ஒருவர் இறுகப் பிடித்திருக்க மற்றவர் மறுமுனையை முறுக்குவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். நெடுநாள் உழைத்த தண்டு தான் முறுகிப் பழகிய திசைக்கே ஏற்றதாகிவிடும்; ஆதலால் இடப்பக்கத் தண்டை வலப்பக்கத்தில் மாற்றிப் பூட்டலாகாது.

சில்லைச் செங்குத்தாகத் தாங்குவது ஒரு நிலைத்தண்டு. அதன் இரு முனைகளிலும் திருகுபுரி வெட்டப்பட்டிருக்கும். அப்புரிகள் ட்றணியன் என்னும் பொருத்துக்களுள் திருகி நிற்கும். சாரதி வளையத்தைத் திருப்பும்போது நிலைத்தண்டு இந்தப் புரிகளுக்குள்ளேயே சுழல்கின்றது. அச்சுழற்சிக்கு உயிர் கிறீஸ். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்றுதல் வேண்டும் என்பது அக்காலத்துப் பராமரிப்பு முறை. கிறீஸ் இன்றேல் புரி தேயும். தேய்ந்த புரியின் அபாயம் யாதெனின், வண்டியின் முன்பாரம் முழுவதும் கீழ் ட்றணியனின் வழியாகவே தெருவுக்கு இறங்குகின்றது. தெரு நிலைத்தண்டை மேலே தள்ள, முறுக்குத் தண்டு கீழ்க்கையைக் கீழே தள்ளுகின்றது. இரண்டுக்கும் நடுவே அவற்றைப் பிரியாது பிடித்திருப்பது அந்தப் புரி ஒன்றே. அது கழன்றால் சில்லு வெளிப்புறமாகச் சாய்ந்து, வண்டி மூக்குக் குப்புற விழும். மைனர் வைத்திருப்போர் உலகெங்கும் அஞ்சுகின்ற குறை இதுவே. எமது வண்டியில் ‘டக்’ என்று ஒலித்ததும் அதுவே.

இனி, கீழ்க்கையிலிருந்து முன்னோக்கிச் சென்று செசியில் பூட்டப்பட்டிருக்கும் ஒரு மெல்லிய இரும்புத் தண்டு உண்டு. பார்வைக்கு அற்பமானது. ஆனால் முன்பிறேக் பிடிக்கும்போது சில்லைத் தெரு பின்னோக்கி இழுக்க, அது பின்னே போகாதபடி பிடித்து நிற்பது அந்தத் தண்டே. அதன் முனையிலும், கீழ்க்கையின் உள்முனையிலும் றப்பர் புஷ்கள் இருக்கின்றன. ஒருபக்க றப்பர் இளகியும் மறுபக்க றப்பர் இறுகியும் இருக்குமாயின், பிறேக்குகள் இரண்டும் ஒத்துப் பிடித்தாலும் வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

அந்தப் புஷ்களைக் கழற்றியபோது நிகழ்ந்ததை நாம் மறத்தற்கில்லை. வெளியே வந்தவை கடையில் விற்கும் புஷ்கள் அல்ல. லொறி ரயரை வட்டமாக வெட்டித் துளையிட்டுச் செய்தவை. பெரியவர் ஒன்றைக் கையில் எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, “இது நான் வெட்டினது. தொண்ணூற்றிமூண்டிலை. உங்கடை ஐயா பக்கத்திலை லாம்பு பிடிச்சுக்கொண்டு நிண்டவர்” என்றார். சற்றுநேரம் எவரும் பேசவில்லை. பின், “அண்டைக்கு ஓடவேணும், அதுக்குச் செய்தது. இண்டைக்கு நிக்கவேணும்” என்று சொல்லி, அதனைத் துணியில் சுற்றி எம்மிடம் தந்தார். இல்லாமையின் நடுவே ஒரு தலைமுறை காட்டிய கைத்திறனுக்கு அது சான்று. அந்தக் கைத்திறனை இழிவாகப் பேசும் உரிமை எவருக்கும் இல்லை. எனினும், அன்றைய தேவைக்குச் செய்த ஒன்றை இன்றைய தெருவிலே நம்பியிருத்தலும் தகாது. அதைச் செய்தவரே இதைக் கூறினார் என்பதுதான் சிறப்பு.

வீட்டிலே ஒரு தடை இருந்தது. “ஐயா வைச்சபடி இருக்கட்டும். ஒண்டையும் மாத்தாதை” என்று அம்மா கூறினார். அவருக்கு அவ்வண்டி இரும்பன்று. அறுபதாண்டு இல்லறத்தின் ஒரு பங்கு. நாம் வாதிடாமல், உரும்பிராய்ச் சிறுமியின் செய்தியை மட்டும் கூறினோம். அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்னர், “அந்தப் பிள்ளைக்கு ஒண்டு நடந்திருந்தால், ஐயா இந்த வண்டியை வீட்டிலை வைச்சிருப்பாரே? செய்யிறதைச் செய்யுங்கோ” என்றார். அதன்பின் தடை இல்லை.

முதலில் முன்புறத்தை உறுதியாக்கினோம். நிலைத்தண்டுகள், ட்றணியன்கள், புஷ்கள் யாவும் புதியனவாயின. இத்தகைய பாகங்கள் இன்றும் இங்கிலாந்திலே செய்யப்படுகின்றன. முறுக்குத் தண்டின் பின்முனையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் தட்டிப் பார்த்தோம். கடற்காற்று வீசும் எமது நாட்டில் துரு மறைந்திருக்கும் இடம் அதுவே. ஓரிடத்தில் தகடு மெலிந்திருந்தது. அதனை வெட்டி நீக்கி, தடித்த தகடு வைத்து ஒட்டுவித்தோம்.

அடுத்து பிறேக். இங்கே மாணவர் மனத்திற் பதிக்க வேண்டிய விதி ஒன்றுண்டு. வண்டியின் வேகம் இருமடங்கானால், பிறேக் அழிக்க வேண்டிய இயக்க ஆற்றல் இருமடங்கன்று, நான்கு மடங்கு. பிரித்தானிய வீதி விதி நூல், மணிக்கு முப்பது மைல் வேகத்தில் செல்லும் கார், பிறேக் பிடித்தபின் நிற்பதற்கு 14 மீற்றர் வேண்டும் என்றும், அறுபது மைலுக்கு 55 மீற்றர் வேண்டும் என்றும் கூறுகின்றது. சாரதி சிந்தித்து மிதிப்பதற்குள் வண்டி கடக்கும் தூரம் இவற்றில் அடங்காது. அது முறையே 9 மீற்றரும் 18 மீற்றரும் ஆகும். அன்றியும், நிற்கும் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கின்றது. பேருந்து சட்டென நிற்கையில் பயணிகள் முன்னே சாய்வதுபோல் இதுவும். ஆதலால் நிறுத்தும் வேலையின் பெரும்பங்கு முன்சில்லுகளையே சாரும்.

எமது வண்டியில் இருந்தவை ஏழு அங்குல ட்றம் பிறேக்குகள். முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சூக்களும், அவற்றை விரிக்க இரண்டு சிலிண்டர்களும் உண்டு. சுழலும் ட்றம் அவ்விரு சூக்களையும் தன்னோடு இழுத்து மேலும் அழுத்திக்கொள்வதால், சிறிய மிதியிலே பெரிய பிடி கிடைக்கும். பின்னோக்கி ஓடும்போது இந்த உதவி கிடையாது, பிடி தளரும். முன்னோக்கி ஓடும்போதும் ஒரு குறை உண்டு. பலமுறை அடுத்தடுத்துப் பிடித்தால் ட்றம் சூடேறி விரிந்து சூவைவிட்டு விலகும். சூவின் உராய்வும் குறையும். மிதி மேலும் மேலும் கீழே போகும். குடாநாட்டுச் சமவெளியிலே இது தோன்றாது. கடுகண்ணாவைக் கணவாயில் பாரத்தோடு இறங்கினால் தோன்றும். வெள்ளத்தில் இறங்கினால் ட்றத்துள் நீர் தங்கி, சிறிதுநேரம் பிறேக்கே பிடியாது.

1962 ஆம் ஆண்டில் 1098 இயந்திரம் வந்தபோது, மொறிஸ் நிறுவனமே முன்ட்றங்களை எட்டு அங்குலமாகப் பெருப்பித்தது. பழைய மைனரை வலிமையாக்க விரும்புவோர்க்கு அதுவே இயல்பான முதற்படி. அதற்கு மேற்பட்டது டிஸ்க் பிறேக். அதிலே சில்லோடு சுழலும் ஒரு தட்டை இருபுறமும் அட்டைகள் நெரித்துப் பிடிக்கும். தட்டு வெளியே காற்றில் இருப்பதால் விரைவில் ஆறும், நீரையும் உதறிவிடும். இங்கிலாந்திலே பிரெடெரிக் லான்செஸ்ரர் 1902 ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் 1953 ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் ஓட்டப் போட்டியில் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜகுவார் வண்டி வென்ற பின்னரே உலகம் அதனை மதிக்கத் தொடங்கியது. 1971 ஆம் ஆண்டில் வந்த மொறிஸ் மரீனாவின் முன்புறம் மைனரின் முன்புறத்தைத் தழுவியே அமைந்தமையால், அதன் டிஸ்க் பிறேக்கைப் பலர் மைனருக்கு மாற்றியதுண்டு. மைனரின் நிலைத்தண்டிலேயே நேரே பூட்டத் தக்க தொகுதிகளும் இப்போது கிடைக்கின்றன. நாம் தெரிந்துகொண்டது அத்தகைய தொகுதி ஒன்றையே. பழைய ட்றங்களைத் துடைத்து, எண்ணெய் பூசி, பெட்டியில் வைத்திருக்கின்றோம்.

டிஸ்க் பிறேக்குக்குச் சில நிபந்தனைகள் உண்டு. சுழலும் தட்டு அட்டையைத் தானே இழுத்து அழுத்திக்கொள்வதில்லை. முழு அழுத்தமும் சாரதியின் காலிலிருந்தே வருதல் வேண்டும். ஆதலால் மிதி முன்னையிலும் சற்றுக் கனமாக இருக்கும். இலேசான வண்டியாகையால் அது எமக்கு இடராகவில்லை. ட்றம் பிறேக்குக்கான மாஸ்ரர் சிலிண்டரின் வாயில், குழாயில் சிறிது அழுத்தம் எப்போதும் தங்கும்படி ஒரு வால்வு இருக்கும். அதனை அப்படியே விட்டால் டிஸ்க்கின் அட்டைகள் விலகாது உரசிக்கொண்டேயிருக்கும். ஆதலால் முன்வழிக்கு அதனை நீக்குதல் வேண்டும். அந்த மாஸ்ரர் சிலிண்டர் இருக்கும் இடமோ விந்தையானது. சாரதியின் காலடித் தகட்டின் கீழே, செசிச் சட்டத்துள் அது பதுங்கியிருக்கின்றது. அதன் நீண்ட போல்ற்றுக்களை இழுக்கப் புகின், முறுக்குத் தண்டு குறுக்கே நின்று வழி மறிக்கும். முறுக்குத் தண்டைத் தளர்த்தி விலக்கினாலன்றி மாஸ்ரர் சிலிண்டர் வெளியே வராது. பிறேக்கும் முன்புற அமைப்பும் பிரிக்கவியலாத ஒரே விடயம் என்று பெரியவர் சொன்னதை, வண்டியே இவ்வாறு மெய்ப்பித்தது.

பிறேக் குழாய்கள் யாவற்றையும் செம்பும் நிக்கலும் கலந்த, துருப்பிடியாத குழாய்களாக மாற்றினோம். பிறேக் ஒயிலும் புதியது. இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 என்னும் தரத்து ஒயில் புதிதாக இருக்கையில் 230 பாகை வரை கொதியாது. ஈரம் ஏறியபின் 155 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயினுள் ஆவி தோன்றி, மிதி பஞ்சுபோல் கீழே போய்விடும். ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் நன்று. இயந்திர ஒயிலை அதற்குப் பதிலாக ஒருபோதும் ஊற்றலாகாது. சிலிண்டரின் றப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். இன்றைய கார்களில் பிறேக் வழி இரண்டாகப் பிரிந்திருப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று காக்கும். எமது வண்டியிலோ வழி ஒன்றே. அதனால் கம்பியால் பின்சில்லுகளைப் பிடிக்கும் கைபிறேக்கையும் அதே கவனத்தோடு சீர்செய்தோம்.

மருமகனின் இரண்டாவது விருப்பத்தை மட்டும் நாம் ஏற்கவில்லை. மைனரின் முன்சொக்கப்சோபர் குழாய் வடிவினதன்று. உள்ளே எண்ணெயும், வெளியே ஒரு கையும் உடையது. அந்தக் கையே சில்லைத் தாங்கும் மேற்கையும் ஆகும். குழாய் வடிவினதைப் பூட்டினாலும், பழையதைக் கழற்ற இயலாது. மேற்கையாக அது இருந்தேயாக வேண்டும். புதியதன் மேல்முனையை எங்கே பூட்டுவது என்பது அடுத்த கேள்வி. மெல்லிய தகட்டில் பூட்டினால், அத்தகடு தாங்குவதற்கென வகுக்கப்படாத விசை அதன்மேல் விழும். நன்கு வகுத்த தொகுதிகள் இதற்கு வழி செய்திருக்கின்றன. கரடுமுரடான தெருவில் விரைந்து ஓடுவோர்க்கு அவை பயன்படும். சந்தைக்குப் போய்வரும் எமக்குப் பழையதையே சீல் மாற்றிப் புதுப்பித்தல் போதுமாயிற்று. செய்யத்தக்க மாற்றத்தைச் செய்வதுபோல, வேண்டாத மாற்றத்தை விடுவதும் அறிவே. மருமகனும் சட்டத்தையும் தகட்டையும் தன் கையால் தட்டிப் பார்த்தபின் ஒப்புக்கொண்டான்.

பிக்கப்புக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வெறுமையாக ஓடும்போது அதன் பின்புறம் மிக இலேசானது. பின்பிறேக் வலுத்தால் பின்சில்லுகள் இறுகி வழுக்கி, வண்டி சுழல இடமுண்டு. ஐந்து அந்தர் ஏற்றியபின்னோ பின்சில்லுகளும் தம் பங்கைச் செய்தல் வேண்டும். எனவே பின்னே பழைய ஏழு அங்குல ட்றங்களையே வைத்து, நன்கு சீர்செய்து, முன்புறத்தை மட்டும் வலிமையாக்கினோம்.

எல்லாம் முடிந்தபின், விடியற்காலையில் ஆளரவமற்ற நேரான தெரு ஒன்றிலே சோதித்தோம். முதலில் இருபது மைலிலும் பின்னர் முப்பது மைலிலும். முதலில் வெறுமையாகவும், பின்னர் ஐந்து அந்தர் மணல் மூடைகளோடும். சாரதி வளையத்தை விரல்நுனியால் மட்டும் தொட்டிருந்தோம். வண்டி இடமும் இழுக்கவில்லை, வலமும் இழுக்கவில்லை. மருமகன் தெருவிலே சுண்ணக்கட்டியால் கோடிட்டுக்கொண்டே வந்தான். பத்தாம் முறை நின்ற இடமும் முதல்முறை நின்ற இடமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. மிதியும் கீழே இறங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா முன்னிருக்கையில் அமர்ந்து நல்லூருக்கு வந்தார். சந்தியில் நின்றபோது, “முந்தி இவன் நிக்கேக்கை ஒருக்கால் முனகுவான், இப்ப முனகேல்லை” என்றார். அது குறையா நிறையா என்று நாம் கேட்கவில்லை.

பழைய பொருளைப் போற்றுதல் என்பது அதனை ஒரு துரும்பும் மாற்றாமல் வைத்திருத்தல் என்று சிலர் கருதுவர். கூடத்து அலுமாரியில் வைக்கும் பொருளுக்கு அது பொருந்தலாம். தெருவில் இறங்கும் வண்டிக்குப் பொருந்தாது. தெரு எமக்கு மட்டும் உரியதன்று. சைக்கிளில் வரும் சிறுமிக்கும் உரியது. எமது பழைமைப் பற்றுக்கு அவள் விலை கொடுத்தல் நியாயமாகாது. அதேவேளை, புதியதெல்லாம் வலியது என்றெண்ணி, தேய்ந்த புரியின்மேல் வலிய பிறேக்கைப் பூட்டுவதும் பேதைமை. கீழே தாங்குவது உறுதியானபின் மேலே வலிமை சேர்த்தல் வேண்டும். வண்டிக்கு மட்டுமுரிய விதியன்று இது.

பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு எமது வேண்டுகோள் இதுவே. இவ்வார விடுமுறையில் முன்சில்லைத் தூக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பாது, தடித்த கட்டைகளும் வைத்துக்கொள்ளுங்கள். சில்லின் மேலும் கீழும் பற்றி அசைத்துப் பாருங்கள்; ஓசை கேட்டால் அன்றே நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். கிறீஸ் ஏற்றிய நாளை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ட்றத்தைக் கழற்றினால் அதனுள்ளிருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய சூக்களில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது, அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்தலே முறை. பிறேக் வேலைகளைத் தாமே பழக விரும்பும் மாணவர், அனுபவமுள்ள ஒருவர் அருகிலிருக்கப் பழகுவாராக. இவற்றுக்குச் செலவாவது ஒரு காலைப் பொழுதும் சிறிது கிறீஸுமே.